கார்டு வீட்டுக் கடல்

குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊருக்கு ரயிலில் உப்புத் தண்ணீர் கொண்டுவந்தவர் என்று ராயப்பராஜை யாரிடமாவது அறிமுகப்படுத்தினால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். விவரம் சரிதான் என்று தலையாட்டுவார்.

திண்டுக்கல் தனி மாவட்டம் ஆவதற்கு இரண்டு வருஷம் முந்தைய கோடை அது. மழை பொய்த்திருந்தது. நகராட்சிக் குழாய் எப்போது வரும் என்பதைக் குழாயே முடிவு செய்தது. அப்படிப்பட்ட காலத்தில், நாகல் நகர் சந்து ஒன்றுக்குள், வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கால்சட்டையுமாக ஒரு கூட்ஸ் வண்டி கார்டு, சைக்கிள் கேரியரில் இரண்டு பெரிய கேன்களைக் கட்டிக்கொண்டு ஸ்டேஷனிலிருந்து வந்தால் சந்து என்ன நினைக்கும்? அதைத்தான் நினைத்தது. இரண்டாவது தடவை அவர் வந்தபோது வாசலில் குடங்கள் வரிசையாக நின்றன. குடங்களுக்குச் சொந்தக்காரர்கள் சாவகாசமாகப் பிறகு வந்தார்கள். ஊர் வழக்கம் அது; குடம் முதலில் இடம் பிடிக்கும், ஆள் பின்னால் வந்து சண்டை பிடிப்பார்.

இது கடல் தண்ணீர் என்று ராயப்பராஜ் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. கொடுக்க மனசில்லாதவர்கள் சொல்லும் பொய்களிலேயே இது கொஞ்சம் கற்பனை அதிகமானது என்று மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அதே காம்பவுண்டில் பக்கத்துப் போர்ஷனில் இருந்த அப்துல் ஜப்பாரின் மனைவி குர்ஷித் பேகம், உரிமையோடு ஒரு குடம் வாங்கிப் போய் உலை வைத்தார். அன்று ஜப்பார் வீட்டில் சோறு நன்றாகப் பொங்கியது, யார் வாய்க்கும் போகாமல் பொங்கியபடியே இருந்தது. மறுநாள் முதல் குடங்கள் வரவில்லை.

ஜப்பார் தோல் ஷாப்பில், ஆட்டுத் தோலுக்கு உப்புப் போட்டுப் பதனிடுகிற இடத்தில், மேஸ்திரி. அவர் மட்டும் வந்து உள்ளறையில் இருந்த கண்ணாடித் தொட்டியை எட்டிப் பார்த்தார். "நமக்கும் உப்புதான் பொழப்பு கார்டு சார். ஆனா நாங்க செத்ததுக்குப் போடுறோம்" என்றார்.

தொட்டியில் இரண்டு மீன்கள் இருந்தன. கறுத்த உடம்பு, அதில் இரண்டு வெள்ளைப் பட்டை, மஞ்சள் வால். இங்கிலீஷ்காரன் இதற்குக் கோமாளி மீன் என்று பேர் வைத்திருக்கிறான். மீனைப் பார்த்தால் அப்படி ஒன்றும் சிரிப்பு வராது. ஏதோ இலாகாவின் சீருடை போட்ட மாதிரி இருக்கும். இவை கடல் சாமந்தி என்ற ஒரு பிராணியின் மடியில் குடியிருப்பவை. பூ மாதிரி இருக்கிற அந்தப் பிராணியைத் தொட்டால் மற்ற மீன்கள் சுருண்டுவிடும். இவை அதற்குள்தான் தூங்கும். தூத்துக்குடியில் சங்கு குளிக்கிற ஆள் ஒருவர், உப்பு ஏற்றுவதற்காக வண்டி சைடிங்கில் காத்துக் கிடந்த ஒரு பகலில், மூன்றையும் ஒரு தகர டப்பாவில் போட்டு ராயப்பராஜிடம் நீட்டினார். ஏன் கொடுத்தார் என்பது அவருக்கே தெரியாது. ஏன் வாங்கினோம் என்பது இவருக்கும் தெரியாது. இருவரும் நியாயமானவர்கள்.

ராயப்பராஜ் பிறந்தது பஞ்சம்பட்டிப் பக்கம், கடலையும் சோளமும் விளைகிற மானாவாரி நிலத்தில். வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் கடலையே பார்த்தார். பார்த்த அன்று இவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில் போட்டு வைத்திருப்பது நிர்வாகக் கோளாறு என்று தோன்றியதாம். கூட்ஸ் கார்டு என்பது வண்டியின் கடைசிப் பெட்டியான பிரேக் வேனில் தனியாக உட்கார்ந்து, கடந்து போனதை எல்லாம் பார்த்துக்கொண்டு வருகிற உத்தியோகம். மணிக்கணக்கில் பேச ஆள் இருக்காது. அந்த வேலைக்கும் மீன் தொட்டிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பது அவர் மனைவி ஜெயமேரியின் கருத்து.

ஜெயமேரி சர்ச் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். தொட்டி விஷயத்தில் அவருக்கு நிறையக் குறைகள். உப்புக் காற்று பட்டு ஜன்னல் கம்பி உரிந்தது. அறைக் கதவில் தொங்கிய திண்டுக்கல் பூட்டு, எந்தத் திருடனாலும் திறக்க முடியாது என்று கடைக்காரர் சத்தியம் செய்து கொடுத்தது, மூன்றே மாதத்தில் சொந்தக்காரர்களாலும் திறக்க முடியாததாகிவிட்டது. பழைய கடல் தண்ணீரை ராயப்பராஜ் யோசனையில்லாமல் ஊற்றியதில் கொல்லை முருங்கை பட்டுப்போனது. இருந்தாலும் தொட்டியில் பெரியதாக இருப்பது பெண், சின்னது ஆண், முட்டைக்குக் காவல் இருப்பதும் துடுப்பால் விசிறிவிடுவதும் ஆண் மட்டுமே என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்குப் பெரிய மீன் மேல் ஒரு மரியாதை ஏற்பட்டிருந்தது.

முட்டைதான் பிரச்சினை. தொட்டிக்குள் சாய்த்து வைத்திருந்த உடைந்த ஓட்டில் பெண் மீன் முட்டை வைக்கும். ஆரஞ்சு நிறத்தில் கேழ்வரகைக் கொட்டி ஒட்டினாற்போல இருக்கும். நாளாக ஆக நிறம் கறுக்கும். கடைசியில் ஒவ்வொன்றிலும் இரண்டு வெள்ளிக் கண்கள் தெரியும். பிறகு ஒரு சாயங்காலம் விளக்கை அணைத்த கொஞ்ச நேரத்தில் எல்லாம் பொரியும். நூற்றுக்கணக்கில், கண்ணாடித் தூள் மாதிரி. மூன்றாம் நாள் ஒன்றுகூட இருக்காது.

ஒவ்வொரு ஈட்டுக்கும் இதே கதை. ராயப்பராஜ் முட்டை மஞ்சள் கருவைத் துணியில் பிழிந்து கொடுத்தார், தண்ணீர் நாறியது. அரிசி மாவு கொடுத்தார். தண்ணீர் வேறு விதமாக நாறியது. "சாகுறதுக்குன்னே பொறக்குதுக" என்று ஜெயமேரி ஒரு தடவை சொன்னார். இரக்கத்தில்தான் சொன்னார். ஆனால் அந்த வார்த்தை ராயப்பராஜுக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது. ஒன்றே ஒன்றாவது வெள்ளைப் பட்டை போடுகிற வரைக்கும் பிழைத்துவிட்டால் போதும் என்று அவர் நினைக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

அதற்கு அவகாசமும் அதிகம் இல்லை. அந்த ஆவணியோடு அவருக்கு ரிட்டயர்மென்ட். ரிட்டயரான கார்டுக்குப் பிரேக் வேன் இல்லை. பிரேக் வேன் இல்லாவிட்டால் கேன் இல்லை. கேன் இல்லாவிட்டால் திண்டுக்கல்லில் கடல் இல்லை. ஆடியில் மீன் முட்டை வைத்தபோது இதுதான் கடைசி ஈடு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இது பிழைக்காவிட்டால் பெரிய மீன்களைக் கொண்டுபோய்ச் சங்கு குளிக்கிறவரிடமே கொடுத்துவிடுவதாக ஜெயமேரியிடம் சொல்லியும் விட்டார்.

இந்தத் தடவை அவரிடம் ஒரு சங்கதி கைவசம் இருந்தது. தூத்துக்குடியில் மீன் படிப்புச் சொல்லிக்கொடுக்கிற ஒருவர் டீக்கடை பெஞ்சில் வைத்துச் சொன்னது. குஞ்சுக்கு வாய் இருக்கிறதா என்று தேடினால்தான் தெரியும். அதற்குள் மாவும் கருவும் போகாது. உயிரோடு நீந்துகிற, கண்ணுக்குத் தூசி மாதிரி தெரிகிற ஒரு பூச்சியைத்தான் அது பிடித்துத் தின்னும். அந்தப் பூச்சி பச்சைப் பாசித் தண்ணீரில் வளரும். உப்பளத்து ஓரக் குட்டைகளில் நிறையக் கிடைக்கும். ராயப்பராஜ் அந்தக் குட்டையில் ஒரு கேன் மொண்டுகொண்டு வந்தார். கடல் தண்ணீரை இரண்டு அலுமினிய அண்டாக்களில் ஊற்றி, கொல்லையில் வெயிலில் வைத்து, ஒரு சிட்டிகை யூரியாவும் போட்டுவிட்டு, குட்டைத் தண்ணீரைக் கலந்தார். கொஞ்ச நாளில் அண்டா இரண்டும் கரும்பச்சை ஆயின. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே தூசி சுழன்றது.

இதை மனைவியிடம் அவர் சொல்லவில்லை. காரணம் உண்டு. ஜெயமேரி வருஷா வருஷம் மூன்றாம் வகுப்புக்குச் சுகாதாரப் பாடம் நடத்துகிறவர். தேங்கிய நீர், அதில் புழு, புழுவிலிருந்து கொசு, கொசுவிலிருந்து காய்ச்சல் என்று கரும்பலகையில் படம் போடுகிறவர். வீட்டில் ஒவ்வொரு குடத்தின் வாயிலும் துணி கட்டுகிறவர். மலேரியா ஆபீஸ் ஆட்கள் சந்துக்கு வந்தால் மற்ற வீடுகளில் சோதனை போடுவார்கள்; இந்த வீட்டில் மோர் குடித்துவிட்டுப் போவார்கள். அப்படிப்பட்டவரிடம் போய், நான் இரண்டு அண்டாவில் பூச்சி வளர்க்கிறேன் என்று சொல்ல எந்தக் கணவனுக்குத் துணிச்சல் வரும்? "தொட்டித் தண்ணிதான், வெயில்ல இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லி வைத்தார்.

முட்டைகளில் வெள்ளிக் கண் தெரிந்த மறுநாள் சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரத்துக்கு, அறையை இருட்டாக்கிவிட்டு ராயப்பராஜ் தன் கை விளக்கை எடுத்தார். கார்டுகள் சிக்னல் காட்டுகிற விளக்கு. சிவப்பு, பச்சை, வெள்ளை என்று கண்ணாடியைத் திருப்பிக்கொள்ளலாம். வெள்ளையை வைத்துத் தொட்டியின் ஒரு மூலையில் காட்டினார். பொரிந்த குஞ்சுகள் வெளிச்சத்தைத் தேடி அந்த மூலையில் வந்து குவிந்தன. முப்பது வருஷமாக அந்த விளக்கைக் காட்டி வண்டிகளை அனுப்பிக்கொண்டிருந்த மனிதர், அன்று அதைக் காட்டிக் குஞ்சுகளை வரவழைத்து, டம்ளரால் மொண்டு மொண்டு வேறொரு கறுப்பு பிளாஸ்டிக் தொட்டிக்கு மாற்றினார். கைத்துணைக்கு ஜெயமேரி பக்கத்தில் நின்றார். "மூச்சு விட்டா ஏறி வந்துரும் போல இருக்கு" என்றார். ராயப்பராஜ் கொல்லையிலிருந்து பச்சைத் தண்ணீரில் ஒரு பாத்திரம் கொண்டுவந்து அதில் கலந்தார். ஒரு நாளைக்குத் தாங்கும். விடியுமுன்னே வண்டிக்கு வரச்சொல்லி ஸ்டேஷனிலிருந்து ஆள் அனுப்பிவிட்டார்கள். போய்விட்டார்.

அவர் போன அன்றுதான் குழாய் வந்தது.

குழாய் வருகிற நாள் திண்டுக்கல்லில் ஒரு திருநாள். பண்டிகைக்கும் அதற்கும் வித்தியாசம், பண்டிகை எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரியும். சனிக்கிழமை வேறு, பள்ளிக்கூடம் இல்லை. இந்த மாதிரி நாளில் வீட்டில் இருக்கிற எந்தப் பாத்திரமும் சும்மா இருக்கக் கூடாது. பழைய தண்ணீரை எல்லாம் கவிழ்த்து, புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் பிடித்து, துணி கட்டி மூட வேண்டும். டம்ளரைக்கூட விடமாட்டார்கள். ஜெயமேரி இதில் ஒரு குறையும் வைக்காதவர்.

மறுநாள் உச்சி வெயிலில் ராயப்பராஜ் வீட்டுக்கு வந்தார். குஞ்சுகள் உயிரோடுதான் இருந்தன. ஆனால் அந்தத் தண்ணீரில் இருந்த பச்சை வெளுத்திருந்தது. தின்று தீர்த்துவிட்டன. சந்தோஷமாகக் கொல்லைக்குப் போய் அண்டா வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார். உள்ளே அவர் முகம் தெரிந்தது. அடியில் அலுமினியம் தெரிந்தது.

அடுப்படியிலிருந்து ஜெயமேரி, "குடிச்சுப் பாருங்க. இந்த வாட்டி கல்கண்டா வந்துருக்கு" என்றார்.

"இதுல இருந்தது?"

"பாசி பிடிச்சு நாறிக்கிட்டுக் கெடந்துச்சு. ரெண்டையும் கழுவி நெறச்சுட்டேன்."

ராயப்பராஜ் படியில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். அண்டாவில் பூச்சி இருந்தது என்று சொன்னார். குஞ்சுகளுக்கு அதுதான் சோறு, தான்தான் வளர்த்தது என்றும் சொன்னார். பூச்சி என்ற சொல்லில் ஜெயமேரியின் முகம் ஒரு தரம் மாறி, சோறு என்ற சொல்லில் திரும்ப மாறியது.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா கொட்டியிருப்ப."

"சொல்லாமயுந்தான கொட்டுனேன்."

அடுத்த தூத்துக்குடி வண்டி எப்போது என்று ராயப்பராஜ் மனசுக்குள் கணக்குப் பார்த்தார். போய்க் குட்டையில் மொண்டு வருவதற்குள் குஞ்சுகள் இருக்காது. முருங்கைக்கு ஊற்றினாயா என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார்.

ஜெயமேரிக்கு அதில்தான் கோபம் வந்தது. "ஒங்க தண்ணிய ஊத்தி ஒரு மரத்தக் கொன்னது பத்தாதா? தண்ணிய யாராச்சும் தரையில கொட்டுவாங்களா? கக்கூஸ் தொட்டியில ஊத்தியிருக்கேன்."

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்த ஊரில் தண்ணீர் ஒரே வேலையோடு வெளியேற முடியாது. அரிசி களைந்தது பாத்திரம் கழுவப் போகும். பாத்திரம் கழுவியது வாசலுக்கோ செடிக்கோ போகும். எதற்கும் ஆகாதது என்று முடிவான பிறகு கடைசியாகக் கக்கூஸுக்குப் போகும். பதவி இறங்கி இறங்கித்தான் ரிட்டயர் ஆகும். எந்தச் சிக்கனத்தில் ஜெயமேரி அண்டாவைக் காலி செய்தாரோ, அதே சிக்கனத்தில் அதை ஒரு சொட்டு சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்த்தும் இருந்தார்.

ராயப்பராஜ் ஓடினார். காம்பவுண்டுக்குப் பொதுவான கக்கூஸ். கொல்லைக் கோடியில் இருந்தது. கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது.

"யாரு உள்ள?"

"நாந்தான்" என்றது அப்துல் ஜப்பாரின் குரல்.

"பாய், தண்ணி ஊத்திட்டீங்களா?"

"என்ன கேள்வி கார்டு சார் இது?"

"தொட்டித் தண்ணிய ஊத்தாதீங்க. மீனுக்குச் சோறு அது."

ஜப்பார் தொட்டிக்குள் எட்டிப் பார்த்திருக்க வேண்டும். "இதுவா?" என்றார். பிறகு, உண்மை பேசுகிற மனிதர் என்பதால், இரண்டு மக் மொண்டுவிட்டதாக ஒப்புக்கொண்டார். அது பரவாயில்லை, இனிமேல் தொடவேண்டாம் என்று ராயப்பராஜ் கேட்டுக்கொண்டார்.

"தொடல. அப்ப நான் எப்புடி வெளிய வாரது?"

அதற்குள் ஜெயமேரி ஒரு வாளியோடு வந்துவிட்டார். முந்தின நாள் பிடித்த குழாய்த் தண்ணீர், கல்கண்டுத் தண்ணீர், வாளி நிறைய. அதைக் கதவடியில் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நல்ல தண்ணி வச்சிருக்கேன் பாய். நாங்க அங்கிட்டுப் போறோம், எடுத்துக்கங்க" என்றார். ராயப்பராஜை அவரே கையைப் பிடித்து அப்பால் இழுத்துக்கொண்டும் போனார்.

திண்டுக்கல்லில் குடிதண்ணீரால் கால் கழுவிய ஒரே மனிதன் தான்தான் என்று ஜப்பார் பிறகு பல காலம் சொல்லிக்கொண்டிருந்தார். தோல் ஷாப்பில் யாராவது பெருமை பேசினால் இதைச் சொல்லி அடக்கிவிடுவாராம்.

கதவு திறந்ததும் இருவரும் உள்ளே போனார்கள். முக்கால் தொட்டிக்குப் பச்சை நின்றது. ஜெயமேரி தன் பழைய மெல்லிய புடவையை இரண்டாக மடித்து அண்டா வாயில் கட்டினார். அதற்காக அந்தக் கல்கண்டுத் தண்ணீர் ஓர் அண்டா முழுவதும் வேறு குடங்களுக்கு மாறியது. குடங்கள் போதாமல், குர்ஷித் பேகம் தன் குடங்களைக் கொண்டுவந்து மீதியை வாங்கிக்கொண்டார். வாங்குமுன் ஒரு விரல் நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டார். யாரும் தப்பாக நினைக்கவில்லை.

மொண்டு மொண்டு வடிகட்டினார்கள். அழுக்கு புடவையில் நின்றது. தண்ணீர் அண்டாவுக்குள் இறங்கியது. ராயப்பராஜ் டார்ச்சை அடித்துவிட்டு, தைரியம் இல்லாமல் கண்ணை எடுத்துக்கொண்டார். பார்த்தவர் ஜெயமேரிதான். மூன்றாம் வகுப்பு நோட்டைத் திருத்துகிற பார்வையோடு அண்டாவுக்குள் குனிந்து, வெகு நேரம் பார்த்தார்.

"சுத்துது" என்றார். "தூசி கணக்காச் சுத்துது. இதுக்கா இம்புட்டு?"

அன்றைக்கு மத்தியானம் குஞ்சுகள் தின்றன. எல்லாம் பிழைக்கவில்லை, அப்படிச் சொன்னால் நம்பவும் கூடாது. தினமும் காலையில் தொட்டி அடியில் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. ராயப்பராஜ் வண்டிக்குப் போன நாட்களில் பச்சைத் தண்ணீர் கொடுத்தவர் ஜெயமேரி. அண்டாவைக் கலக்குவது, வெயில் போதாவிட்டால் நகர்த்துவது, டார்ச் அடித்துப் பூச்சியின் நலம் விசாரிப்பது எல்லாம் அவர் கைக்குப் போயின. அந்த வருஷம் சுகாதாரப் பாடம் நடத்தும்போது, தேங்கிய நீர் என்ற இடத்தில் அவர் கொஞ்சம் வேகமாகக் கடந்ததாகக் கேள்வி.

ஒரு நாள் ராயப்பராஜ் வேலை முடிந்து வந்தபோது ஜெயமேரி இலை போட்டார். சோறு போட்டு, வெஞ்சனம் வைத்து, ரசமும் ஊற்றி, அவர் கை கழுவுகிற வரைக்கும் பொறுத்திருந்தார். பிறகு, "போயிப் பாருங்க" என்றார்.

கறுப்புத் தொட்டியில் குஞ்சுகளில் பாதி இப்போது மேலே மிதக்கவில்லை. பெரிய மீன்கள் மாதிரியே அடியில் நின்று துடுப்பை ஆட்டிக்கொண்டிருந்தன. மிளகளவு கூட இல்லை. உடம்பு கறுத்திருந்தது. தலைக்குப் பின்னால் ஒரு நூல் சுற்றினாற்போல வெள்ளை. ராயப்பராஜ் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார், கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். பின்னாலிருந்து ஜெயமேரி, காலையில் ஒன்றுக்குத்தான் இருந்தது, மத்தியானத்துக்குள் மற்றதுகளும் போட்டுக்கொண்டன என்றார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அப்படித்தானாம்.

ஆவணிக் கடைசியில் ஸ்டேஷனில் மாலை போட்டார்கள். ராயப்பராஜின் இடத்துக்கு வந்தவர் மதன்குமார் என்று ஒரு மதுரைக்காரர், சின்ன வயசு. கேன் விஷயத்தை ராயப்பராஜ் எப்படி ஆரம்பிப்பது என்று தயங்கிக்கொண்டிருக்கும்போது அவரே ஆரம்பித்துவிட்டார். மீன் கதை அந்த லைன் முழுக்கப் பரவியிருந்தது. பட்டை போட்ட குஞ்சில் ஒரு ஜோடி தனக்குத் தருவதாக இருந்தால், இருக்கிற காலம் வரைக்கும் கேன் வரும் என்றார். ஜோடி என்று கேட்டு வாங்க முடியாது, குஞ்சில் எல்லாமே ஆண்தான், அதில் பெரியதாக வளர்ந்து அதிகாரம் பண்ணுவது பிற்பாடு பெண்ணாக மாறிக்கொள்ளும் என்று ராயப்பராஜ் விளக்கினார். மதன்குமாருக்குப் புதுசாகக் கல்யாணம் ஆகியிருந்தது. கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

ஆக, கடைசி ஈடு கடைசி ஈடாக இல்லை. பிழைத்த குஞ்சுகளில் இரண்டு மதுரைக்குப் போயின. அதற்குப் பதிலாகத் திண்டுக்கல்லில் கடல் நின்றது. மதுரையில் மதன்குமார் வீட்டு வாசலில் குடங்கள் வரிசை நின்றதா என்று தெரியவில்லை. அங்கே அப்போது வைகையில் தண்ணீர் இருந்தது என்று கேள்வி, அதுவும் நிச்சயமில்லை.

ஜெயமேரியிடம் ஒரு பழக்கம் மட்டும் மிச்சம் நின்றுவிட்டது. குழாய் வருகிற நாளில் கக்கூஸ் தொட்டியை நிரப்புமுன், வாளியைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிஷம் உள்ளே குனிந்து பார்ப்பார். வரிசையில் நிற்கிற குர்ஷித் பேகம் இதைக் கவனித்து, என்ன டீச்சர் பார்க்கிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டார்.

"யாராச்சும் இருக்காகளான்னு பாக்குறேன்" என்றார் ஜெயமேரி, வாளியைத் தூக்கிக்கொண்டு.